நெல்லையிலிருந்து வெளிநாட்டுக்கு வீட்டுச் சாமான்: முதல்முறை அனுப்புகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையிலிருந்து மெல்பர்னுக்குக் குடிபெயர்ந்தபோது எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்டது ஆச்சியின் அம்மியைப் பற்றித்தான். “கல்லைப் போய் யாராவது கப்பல்ல ஏத்துவாங்களா? கனத்துக்கே காசு பூரா போயிரும்” என்றார் சித்தப்பா. மெத்தையும் சோபாவும் போகட்டும், அம்மி இங்கேயே கிடக்கட்டும் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். தூத்துக்குடியில் ஒரு கப்பல் சரக்கு ஏஜென்டிடம் போய் உட்கார்ந்த பிறகுதான் கணக்கு நேர்மாறாக இருப்பது புரிந்தது. கப்பலில் நாம் காசு கொடுப்பது இடத்துக்கு. அம்மி பிடிக்கிற இடம் ஒரு தலையணை அளவு. மெத்தைதான் பணத்தைத் தின்கிறது.

இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும்.

கன மீட்டர் கணக்கு

கடல் சரக்கில் எல்லோரும் பேசுவது ‘சி.பி.எம்.’ என்கிற கன மீட்டர் அளவில். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 10 லட்சத்தால் வகுத்தால் அந்த அளவு வந்துவிடும். 60க்கு 45க்கு 45 அட்டைப்பெட்டி என்றால் 0.12 கன மீட்டர். அப்படி எட்டுப் பெட்டி சேர்ந்தால் ஒரு கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கன மீட்டரின் எடை 1000 கிலோவைத் தாண்டினால்தான் கப்பலில் எடைக் கணக்குக்குப் போவார்கள். வீட்டுச் சாமானில் அந்த எடை வருவதே இல்லை.

விமானத்தில் கதை வேறு. அங்கே உண்மையான எடை, கன அளவிலிருந்து வரும் எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். சென்டிமீட்டர் பெருக்கலை 6000ஆல் வகுப்பது விமானச் சரக்கின் வழக்கம், கூரியர்காரர்கள் பெரும்பாலும் 5000ஆல் வகுக்கிறார்கள். மேலே சொன்ன அதே பெட்டியில் 6 கிலோ தலையணையை வைத்தாலும் விமானத்தில் அது 20 கிலோ. ஆக, கனமான, சின்னப் பொருள்கள் கப்பலுக்கு. உடனே வேண்டிய துணிமணியும் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பொருள்களும் கையோடு வரும் பெட்டிக்கு. பஞ்சு மெத்தை, சோபா, பிளாஸ்டிக் நாற்காலி மாதிரி காற்றை அடைத்துக்கொண்டு நிற்கிற சாமான் எதற்கும் பொருந்தாது. கொடுத்துவிட்டுப் போங்கள்.

முழுக் கண்டெய்னர் வேண்டுமா என்று எல்லோருக்கும் சந்தேகம் வரும். 20 அடிக் கண்டெய்னரின் உள்ளளவு ஏறக்குறைய 33 கன மீட்டர். அடுக்கும்போது 25இலிருந்து 28 வரைதான் நிரம்பும். நம் சாமான் 12, 13 கன மீட்டருக்குள் இருந்தால், பல பேர் சரக்கோடு சேர்ந்து போகிற ‘எல்.சி.எல்.’ முறை போதும். அதைத் தாண்டினால் முழுக் கண்டெய்னரின் விலையையும் கேட்டுப் பாருங்கள், சில நேரம் அதுவே மலிவாக அமையும். எங்களுடையது 4 கன மீட்டர்கூட இல்லை.

பட்டியல் எழுதாமல் பெட்டி கட்டாதீர்கள்

பெட்டி கட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு நோட்டுப் போடுங்கள். பொருள், எண்ணிக்கை, வாங்கிய ஆண்டு, இன்றைய மதிப்பு, எந்த நம்பர் பெட்டி. இந்தப் பட்டியல் ஒரே நேரத்தில் நான்கு பேருக்குப் பயன்படும்: உங்களுக்கு, இங்குள்ள சுங்கத்துக்கு, அங்குள்ள சுங்கத்துக்கு, காப்பீட்டுக்காரருக்கு.

பேக்கிங் ஆட்கள் வேகமாக வேலை பார்ப்பார்கள், ஆனால் பதினாலு பெட்டியிலும் ‘கிச்சன் சாமான்’ என்று எழுதி வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. “அண்ணாச்சி, ஒன்பதாம் நம்பர்ல என்ன வச்சீங்க?” என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. டேப்பைக் கிழித்து மறுபடி பார்த்து, ‘எவர்சில்வர் தூக்குச்சட்டி 2, இடியாப்ப உரல் 1, பணியாரக்கல் 1’ என்று எழுதினோம். அரை நாள் போனது. அந்த அரை நாளை அங்கே துறைமுகத்தில் செலவழித்திருந்தால் வாடகையும் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு பெட்டி மூடும்போதும் வீட்டு ஆள் ஒருவர் நோட்டோடு பக்கத்தில் நிற்க வேண்டும்.

பெயர் விஷயத்திலும் கவனம் தேவை. நம் ஊரில் இனிஷியல் போட்டுத்தான் பழக்கம். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் விரிந்து கடைசிப் பெயராக நிற்கும். பட்டியல், சரக்கு ரசீது, விசா, அங்குள்ள படிவம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் இருக்கட்டும்.

போகிற நாட்டின் சட்டம்

வீட்டில் பயன்படுத்திய பழைய பொருள் என்றால் பெரும்பாலான நாடுகள் வரி வாங்குவதில்லை. ஆனால் எத்தனை மாதம் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்திரேலியாவில் 12 மாதம். பிரிட்டனில் 6 மாதம், அதோடு நீங்கள் வெளியே 12 மாதமாவது குடியிருந்திருக்க வேண்டும். அங்கே ‘டி.ஓ.ஆர்.1’ என்கிற வரி விலக்கு விண்ணப்பத்தைச் சாமான் போய்ச் சேரும் முன்பே போட்டு அனுமதி எண்ணும் வாங்கிவிட வேண்டும். சிங்கப்பூரில் 3 மாதம் பயன்படுத்தியிருந்தால் போதும், ஆனால் நீங்கள் போய் இறங்கி 6 மாதத்துக்குள் சாமான் வந்துவிட வேண்டும். அமெரிக்காவுக்கு வீட்டுச் சாமானில் ஓராண்டுக் கணக்கு, படிவ எண் 3299.

கனடா போகிறவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. முதல்முறை விமானநிலையத்தில் இறங்கும்போதே, பின்னால் வரப்போகும் சாமான்களின் பட்டியலைச் சுங்க அதிகாரியிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். கையில் இரண்டு பெட்டியோடு இறங்குகிற களைப்பில் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வெளியே வந்துவிட்டால், பின்னால் வருகிற சாமானுக்கு வரி விலக்கு வாங்குவது பெரும்பாடாகிவிடும்.

ஆகவே, புறப்படும் முன் புது மிக்ஸி, புது குக்கர் என்று வாங்கிக் குவிக்காதீர்கள். வரி விலக்கு புழங்கிய பொருளுக்குத்தான்.

எதை எடுப்பது, எதை விடுவது

மின்சாரத்தில் தொடங்கலாம். சிங்கப்பூர், துபாய், பிரிட்டன், ஆஸ்திரேலியா எல்லாம் நம்மைப் போலவே 230 வோல்ட்டை ஒட்டித்தான், பிளக்கை மாற்றினால் கிரைண்டர் ஓடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்மூர்க் கிரைண்டர் அங்கே வேலைக்கு ஆகாது. அந்த நாடுகளுக்கென்றே 110 வோல்ட் கிரைண்டர்கள் வருகின்றன, அதை வாங்கிக்கொள்வதே நல்லது. கேஸ் அடுப்பை எந்த நாட்டுக்கும் எடுத்துப் போக வேண்டாம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோ, கட்டில் ஆகியவை பிடிக்கிற இடத்துக்கு அங்கேயே வாங்கிவிடலாம்.

நான் எடுக்கச் சொல்வது அங்கே கிடைக்காதவற்றை, அல்லது கிடைத்தாலும் நம் கைக்குப் பழகாதவற்றை. இரும்புத் தோசைக்கல், பணியாரக்கல், முறுக்கு உரல், பித்தளைக் குத்துவிளக்கு, எவர்சில்வர் ஏனங்கள், நல்ல புத்தகங்கள். அம்மியும்தான். ஊஞ்சல் பலகை தேக்காக இருந்து மனசு விடவில்லை என்றால் சங்கிலியைத் தனியே கழற்றிப் பலகையை மட்டும் அனுப்பலாம், அதிக இடம் பிடிக்காது.

சட்டச் சிக்கல் உள்ளவையும் நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன. 100 வருடத்துக்கு மேற்பட்ட சிலை, விளக்கு போன்றவை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதிக்கு 75 வருடம். இவற்றைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. பழையதாகத் தோன்றுகிற புதுச் சிலைக்குக்கூட, தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிவிடுங்கள், வாங்கிய ரசீதும் இருக்கட்டும். மயிலிறகு, மான்கொம்பு, சந்தனக் கட்டை, கடற்கரையில் பொறுக்கிய பவளப்பாறைத் துண்டு எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது. அரங்கு வீட்டுப் பரணில் தாத்தா காலத்தில் மாட்டிய மான்கொம்பு இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும்.

சாப்பாட்டுப் பொருளைக் கப்பல் பெட்டியில் வைக்காதீர்கள், ஒரு பொட்டலம்கூட. மல்லிப்பொடி பொட்டலம் ஒன்று கிழிந்தால் ஒரு பெட்டித் துணி வீணாகும். பூச்சி வந்தால் மொத்தச் சரக்கும் நிற்கும். அல்வாவும் உடன்குடிக் கருப்பட்டியும் வேண்டும் என்றால் கையோடு கொண்டுபோய், அங்கே இறங்கியதும் படிவத்தில் ‘உணவு இருக்கிறது’ என்று மறைக்காமல் எழுதிக் காட்டுங்கள். விடுவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள். எழுதாமல் மாட்டினால் அபராதம்.

கழுவிக் காயவைப்பது

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்களுக்கு இதுதான் பாதி வேலை. மண், விதை, பூச்சி இந்த மூன்றுக்கும் அந்த நாடுகளில் கதவு திறக்காது. பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். குறை கண்டால் புகை போடுவதோ அழிப்பதோ உங்கள் செலவில்தான்.

புறப்படுவதற்கு முந்தின மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் நான் முற்றத்தில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்தேன். பையன் விடுமுறைக்குச் சாத்தான்குளம் பக்கம் போய்த் தேரியில் விளையாடிய ஷூ. மேலே பார்க்க வெள்ளையாகத்தான் இருந்தது. திருப்பினால் அடிப்பள்ளம் ஒவ்வொன்றிலும் அந்தச் செம்மண் மாவு மாதிரி அடைந்திருந்தது. தண்ணீரில் போட்டதும் வாளி முழுக்கச் சிவப்பு. மூன்று தண்ணீர் மாற்றி, ஊக்கால் நோண்டி, இரண்டு நாள் வெயிலில் வைத்த பிறகுதான் பெட்டிக்குள் போனது. சைக்கிள் சக்கரம், மண்வெட்டி, பூந்தொட்டி, கிரிக்கெட் பேட், கூடாரம் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான். பூந்தொட்டியை விட்டுவிடுவதே நல்லது.

பத்தமடைப் பாய் கொண்டுபோகலாம். கோரையில் நெய்து முடித்த பொருள், சுத்தமாக இருந்தால் தடுப்பதில்லை. ஆனால் விரித்து, தட்டி, ஓரத் துணிக்கு அடியில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, வெயில் காட்டிச் சுருட்ட வேண்டும். சுளகு, மூங்கில் கூடை விஷயத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அம்மாவின் சுளகை ஒரு வெள்ளைத் தாளின் மேல் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினேன். கோதுமை மாவு மாதிரி மெல்லிய தூள் விழுந்தது. உள்ளே துளைப்பூச்சி என்று அதற்கு அர்த்தம். சுளகை விட்டுவிட்டுத்தான் வந்தோம். மரம், மூங்கில், ஓலைச் சாமான் எதுவானாலும் இந்தத் தாள் சோதனையைச் செய்து பாருங்கள். அம்பாசமுத்திரம் மரச் செப்புச்சாமான் கூட விலக்கில்லை, மெருகு போட்டிருந்தாலும் ஓட்டை இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள்.

பல்லாங்குழிக்குள் புளியங்கொட்டை கிடக்கும், எடுத்துவிட்டுச் சோழியைப் போடுங்கள். குன்றிமணி ஒன்றுகூட இருக்கக் கூடாது, அது விஷ விதை. ஈர்க்குமாறு வேண்டாம்.

கட்டுவது

அட்டைப்பெட்டி ஐந்தடுக்கு அல்லது ஏழடுக்கு உள்ளதாக, புதிதாக வாங்குங்கள். பலசரக்குக் கடையில் கிடைக்கிற பழப் பெட்டியும் முட்டை அட்டையும் ஆஸ்திரேலியாவில் தடை. நம்மூரில் காருகுறிச்சி மண்பானையை வைக்கோல் பொதிந்து கட்டுவதுதான் காலங்காலமான வழக்கம், ஆனால் வைக்கோலும் தடைதான். பழைய செய்தித்தாள், துண்டு, போர்வை ஆகியவற்றைச் சுற்றுங்கள். துணியும் போய்ச் சேர்ந்துவிடும், பானையும் உடையாது. ஒரு பெட்டி 20 கிலோவைத் தாண்டாமல் இருந்தால் ஒரு ஆள் தூக்க முடியும். புத்தகத்தைச் சின்னப் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

அம்மிக்காகத் தச்சர் ஒருவரிடம் மாம்பலகையில் சட்டப்பெட்டி அடிக்கச் சொன்னோம். உறுதியாக, அழகாக அடித்துக் கொடுத்தார். ஏஜென்ட் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டார். ஒரு பக்கம் மரப்பட்டை இருந்தது, முத்திரையும் இல்லை. கப்பலில் போகிற மரப்பெட்டிக்கு ‘ஐ.எஸ்.பி.எம்.15’ என்று ஒரு உலக விதி உண்டு. மரத்தின் உட்பகுதி 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருக்கும்படி பதப்படுத்தி, கோதுமைக் கதிர் அடையாளம் கொண்ட முத்திரை குத்தியிருக்க வேண்டும். ஒட்டுப்பலகைக்கு, அதாவது பிளைவுட்டுக்கு, இது தேவையில்லை. கடைசியில் பிளைவுட் பெட்டிதான் அடித்தோம். முதலிலேயே தெரிந்திருந்தால் அந்தத் தச்சரின் உழைப்பு வீணாகியிருக்காது.

கப்பல் வெப்பத்திலும் குளிரிலும் மாறி மாறிப் போகும்போது கண்டெய்னரின் கூரையில் நீர் கோத்துச் சொட்டும். தோசைக்கல்லை நன்றாகக் கழுவிக் காயவைத்து, நல்லெண்ணெய் ஒரு துளி மட்டும் துடைத்து, தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். பட்டுப்புடவை கையோடு வரட்டும். மற்ற துணிப் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

சான்றிதழ், பத்திரம், பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, நகை எதையும் கப்பலில் விடாதீர்கள்.

எந்த மாதம்?

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சாமான் ஏற்றுவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும் தாமிரபரணி ஊருக்குள் வந்ததும் நமக்கு மறக்காது. அட்டைப்பெட்டிக்கு அவ்வளவு மழைகூட வேண்டாம், லாரியில் ஏற்றும்போது அரை மணி நேரத் தூறல் போதும். பங்குனி, சித்திரை வெயிலில் கட்டிய பெட்டி உள்ளே உலர்ந்தே போகும்.

ஏஜென்டிடம் கேட்க வேண்டியது

தூத்துக்குடி நமக்கு 50 கிலோமீட்டர்தான். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர், இன்று துறைமுகமே அவர் பெயரில் நிற்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் நேரில் போய்ப் பேசுங்கள். குறைந்தது மூன்று பேரிடம் வீட்டுக்கு வந்து பார்த்து விலை சொல்லச் சொல்லுங்கள், போனில் சொல்கிற விலையை நம்பி இறங்க வேண்டாம். தூத்துக்குடிக் கண்டெய்னர்களில் பெரும்பகுதி கொழும்பில் கப்பல் மாறித்தான் போகும். அதனால் நாள் கணக்கை இழுத்தே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பெட்டிகள் வாசலுக்கு வர 9 வாரம் ஆனது.

நாங்கள் அடிபட்ட இடம் விலைச் சீட்டு. ஒருவர் மற்றவர்களைவிட மிகக் குறைத்துச் சொன்னார், சந்தோஷமாக ஒப்புக்கொண்டோம். அவர் சொன்னது அந்தத் துறைமுகம் வரைதான். அங்கே சரக்கை இறக்கிப் பிரிக்கிற கூலி, டெலிவரி ஆர்டர் கட்டணம், சோதனைக் கட்டணம், வீட்டுக்குக் கொண்டுவரும் வண்டி என்று ஒவ்வொன்றாக வந்து, இங்கே கொடுத்த தொகைக்குக் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டது. ‘வாசலிலிருந்து வாசலுக்கு’ என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டு பக்கத்துத் துறைமுகக் கூலி, சுங்க வேலை, மாடிப்படி ஏற்றுக்கூலி, ஜி.எஸ்.டி. எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். குறைந்தபட்சம் ஒரு கன மீட்டருக்குக் கட்டணம் வைப்பது வழக்கம், அரை கன மீட்டர் சாமானுக்கு அதுவும் கணக்கில் வரட்டும். எத்தனை நாள் வரை அங்கே கிடங்கு வாடகை கிடையாது என்பதும் முக்கியம். சாமான் போய்ச் சேரும் முன் நீங்கள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்துச் சுங்கத்துக்குப் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல்கள், பட்டியல், ஏஜென்டுக்கு அதிகாரம் கொடுக்கிற கடிதம் போதுமானவை. மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

காப்பீடு, கடைசியில் கையெழுத்து

நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் பெரும்பாலான காப்பீடு பணம் தராது. கண்ணாடி, பீங்கான் மட்டுமாவது பேக்கிங் ஆட்கள் கையால் கட்டட்டும். மதிப்பு எழுதும்போது அந்த ஊரில் புதிதாக வாங்கினால் என்ன ஆகும் என்று பார்த்து எழுதுங்கள். ‘ஜெனரல் ஆவரேஜ்’ அதில் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். கப்பலுக்கு ஆபத்து வந்து அதைக் காப்பாற்றச் செலவானால், சரக்கு வைத்திருக்கிற எல்லோரும் பங்கு கொடுக்க வேண்டும் என்பது கடல் வாணிபத்தின் பழைய வழக்கம். நம் பெட்டி நலமாக இருந்தாலும் பங்கு கேட்பார்கள்.

பெட்டி வந்து இறங்கும் நாளில் நோட்டைக் கையில் எடுங்கள். ஒவ்வொரு நம்பராக வாசித்து டிக் அடித்த பிறகே வண்டிக்காரரை அனுப்புங்கள். நசுங்கிய, நனைந்த பெட்டியைத் திறக்கும் முன் போட்டோ எடுத்து, அவர் நீட்டுகிற சீட்டிலேயே ‘பெட்டி 9 நனைந்திருக்கிறது’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் கேட்டால் காப்பீட்டில் எடுபடாது. ஒரே ஒரு பெட்டியில் சிவப்பு மையில் ‘முதலில் திறக்க’ என்று இங்கேயே எழுதி வையுங்கள். எங்கள் பெட்டியில் இருந்தது ஒரு தோசைக்கல், இரண்டு கரண்டி, பாய் ஒன்று, கத்தி ஒன்று. மற்றப் பெட்டிகளின் டேப்பை அறுக்க அந்தக் கத்திதான் உதவியது.